வெற்று அளவு

அன்று காலை கொட்டகையில் இருந்தவர்கள், வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி:

பொறுப்பதிகாரி. முகத்துக்கு நேரே 'சார்', முதுகுக்குப் பின்னால் 'கடிகாரம்'.

படக்காரர். குண்டுகளை எக்ஸ்ரே எடுப்பவர். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம். காது நன்றாகவே கேட்கும், தேவைப்படும்போது கேட்காது.

அளவுக்காரி. மூடிய குண்டுக்குள் என்ன இருக்கிறது என்று திறக்காமல் சொல்பவள்.

அவளுடைய கொழுந்தன். குழிக்காரன். அவள் சொன்னதை நம்பி வெடி வைப்பவன்.

லாரி ஓட்டுநர். கையெழுத்தைப் போட்டுவிட்டு லாரிக்குள் போய்த் தூங்கிவிட்டார். அதை இருந்த கணக்கில் சேர்ப்பதா இல்லையா என்பது அவரவர் மனசாட்சி.

பீரங்கிக் குண்டுகள், பன்னிரண்டு. இவை கையெழுத்துப் போடவில்லை.

பழைய படைக்கிடங்கு இருந்த நிலத்தில் தொழிலாளர் குடியிருப்பு கட்ட அஸ்திவாரம் தோண்டியபோதுதான் இந்த வேலை ஆரம்பித்தது. முதல் வாரமே மண்வாரி இயந்திரத்தின் பல்லில் இரும்பு தட்டியது. யாரோ எப்போதோ நடத்திய போரின் மிச்சம். இரண்டு வருடமாகத் தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருக்கிறது. குண்டின் மேல் எழுதியிருந்த குறிகளைத் துரு தின்றுவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி ஒரே ஜாடை. உள்ளே அப்படி இல்லை. பெரும்பாலானவற்றில் வெறும் வெடிமருந்து. சிலவற்றில் தோலைக் கொப்பளிக்க வைத்து நுரையீரலைச் சுடும் நச்சுத் திரவம். வெடிமருந்துக் குண்டைத் திறந்த குழியில் அடுக்கி வெடித்துவிடலாம். நச்சுக் குண்டை அப்படி வெடித்தால் முதலில் குழியைச் சுற்றி நிற்பவர்கள், பிறகு காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து ஊர். அதை எஃகு அறைக்குள் வைத்து, நாளைக்கு ஒன்று என்ற கணக்கில்தான் அழிக்க வேண்டும்.

எது எந்த வகை என்று பிரிப்பதுதான் அளவுக்காரியின் வேலை. துளை போடக் கூடாது, மூடியைத் திருகக் கூடாது, தட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. குண்டை ஒரு மேடையில் படுக்க வைப்பார்கள். ஒரு பக்கம் நியூட்ரான் கக்கும் மூலம், மறுபக்கம் உணர்கருவி. நியூட்ரான் இரும்பைத் தாண்டி உள்ளே போகும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் குரலில் பதில் சொல்லும். நைட்ரஜன் பேசினால் வெடிமருந்து. ஆனால் நச்சுக் குண்டிலும் அதைப் பிளக்க நடுவில் கொஞ்சம் வெடிமருந்து வைத்திருப்பார்கள், அதனால் நைட்ரஜனை மட்டும் நம்புகிறவன் மோசம் போவான். குளோரின் பேசுகிறதா என்பதுதான் கேள்வி. பேசாவிட்டால் சிவப்புச் சீட்டு, குழிக்கு. பேசினால் மஞ்சள் சீட்டு, எஃகு அறைக்கு.

இதில் ஒரு தொல்லை உண்டு. நியூட்ரானுக்குக் குண்டு, மேடை, சுவர் என்ற பேதம் கிடையாது. சுற்றி இருப்பது எல்லாம் பதில் சொல்லும். அதனால் தினமும் காலையில் குண்டு வைக்காமல் நாற்பது நிமிடம் வெறும் மேடையை அளப்பார்கள். அதற்குப் பெயர் வெற்று அளவு. அதன்பின் ஒவ்வொரு குண்டின் அளவிலிருந்தும் இயந்திரம் இதைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் காட்டும். வெற்று அளவு எடுத்தபின் அறையில் ஒரு துரும்பு நகர்ந்தாலும் மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டும். கெட்ட வெற்று அளவை வைத்துச் சீட்டு ஒட்டியவர், அளக்க உரிமம் தரும் அளவு அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். எழுத்தில் உள்ள விதி. அந்த அட்டையை வாங்குவதற்கு முன் அவள் ஏழு வருடம் அடுத்தவர் அளந்ததைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

அன்று விடிவதற்கு முன்பிருந்தே மழை. பற்கள் தந்தியடிக்கிற குளிர். மேடைக்கு நேர் மேலே கூரை ஒழுகியது. கீழ்த்தட்டில் ஓடும் ஒயர்கள் நனையாமல் இருக்க, படக்காரர் தன் அறையிலிருந்த கனத்த பிளாஸ்டிக் தரைவிரிப்பை நாலாக மடித்து மேடைக்கு அடியில் சொருகினார்.

"இருக்கட்டுமா தங்கச்சி?"

"இருக்கட்டும் அண்ணே. எடுக்காம இருந்தா சரி."

வெற்று அளவு ஓடி முடிந்தது. முதல் குண்டைத் தள்ளுவண்டியில் கொண்டு வந்தார்கள். அவள் தடுப்புச் சுவருக்கு இந்தப் பக்கம் திரைக்கு முன்னால் இருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் கொழுந்தனின் குரல் கேட்டது.

"பெரியவரே, சக்கரம் மாட்டுது. உங்க பட்டுப் பாயைக் கொஞ்சம் எடுங்க."

சர்ரென்று எதையோ இழுக்கும் சத்தம்.

அதே நேரத்தில் கடிகாரம் வாசலில் நின்று மணிக்கட்டைப் பார்த்தார். "எட்டு மணிக்கு முதல் குண்டுன்னு சொன்னீங்க. எட்டு ரெண்டு. மூணு மணிக்குக் குழி வெடிக்கணும். அஞ்சுக்கு மேல காத்து ஊர்ப் பக்கம் திரும்பிடும்னு வானிலைக்காரன் சொல்லிட்டான்."

"ஆரம்பிக்கிறேன் சார்."

ஆரம்பித்தாள். இழுத்த சத்தம் காதில் விழுந்தது, கூரை இன்னும் ஒழுகுகிறதா என்று மனம் போனது, கை பொத்தானை அழுத்தியது. அவ்வளவுதான் நடந்தது. பிற்பாடு அவள் எவ்வளவு யோசித்தும் இதற்கு மேல் ஒரு காரணம் கிடைக்கவில்லை.

பன்னிரண்டு குண்டுக்கும் நைட்ரஜன் பேசியது. ஒன்றுக்கும் குளோரின் பேசவில்லை. படக்காரரின் எக்ஸ்ரேயும் ஒத்துப்போனது. குண்டைச் சாய்த்துப் படம் எடுத்தால் உள்ளே திரவம் இருந்தால் அதன் மட்டம் கோடாகத் தெரியும். எதிலும் கோடு இல்லை. பன்னிரண்டு சிவப்புச் சீட்டு. பன்னிரண்டரைக்கு ஓட்டுநரைத் தட்டி எழுப்பினார்கள்.

கொழுந்தன் கிளம்பும்போது சுவர் ஓரம் எட்டிப் பார்த்தான். "அண்ணி, அண்ணன்கிட்ட சொல்லிடுங்க, இன்னைக்கு நான் சீக்கிரம் வந்து டிவி ரிமோட்டைப் பிடிச்சிடுவேன்னு."

"முதல்ல ரெண்டு கையோட வந்து சேரு."

"நீங்க ஒட்டின சிவப்பு. கண்ண மூடிக்கிட்டு வெடிப்பேன்."

"கண்ணத் திறந்துக்கிட்டே வெடி."

லாரி போனது. அவள் கொண்டு வந்த சாப்பாட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கையால் நாள் அறிக்கையை நிரப்பினாள். குண்டு ஒன்று, குளோரின் பூஜ்யம். குண்டு இரண்டு, பூஜ்யம். மூன்று, பூஜ்யம். எட்டாவது பூஜ்யத்தில் பேனா நின்றது.

இந்த நிலம் கழிமுகத்து உப்புச் சேறு. குண்டை எவ்வளவு கழுவினாலும் துருவின் பொந்துகளில் உப்பு உட்கார்ந்திருக்கும். உப்பில் குளோரின் உண்டு. இரண்டு வருடமாக இங்கே எடுத்த எந்தக் குண்டும் சுத்தப் பூஜ்யம் காட்டியதில்லை. நாலு, ஐந்து, ஆறு என்று ஏதாவது முணுமுணுக்கும். அது பழகிப்போன முணுமுணுப்பு, அதைப் பார்த்து யாரும் மஞ்சள் ஒட்டுவதில்லை. அந்த முணுமுணுப்பு இன்று இல்லை. பன்னிரண்டிலும் இல்லை.

இயந்திரத்துக்கு ஒரு குணம். கழித்த பிறகு எண் பூஜ்யத்துக்குக் கீழே போனால் அதைச் சொல்லாது, பூஜ்யம் என்று காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்ளும்.

எதைக் கழித்தது?

எழுந்து சுவரைச் சுற்றிப் போனாள். மேடைக்கு அடியில் விரிப்பு இல்லை. மூலையில் சுருண்டு கிடந்தது. அந்த வகைப் பிளாஸ்டிக்கில் எடைக்குப் பாதிக்கு மேல் குளோரின். அதை நாலாக மடித்து மூலத்துக்கு நேர் கீழே வைத்து வெற்று அளவு எடுத்திருக்கிறாள். பிறகு அது இல்லாமலே பன்னிரண்டு குண்டை அளந்திருக்கிறாள். இயந்திரம் இல்லாத விரிப்பை ஒவ்வொரு முறையும் விசுவாசமாகக் கழித்திருக்கிறது. ஏதாவது ஒரு குண்டுக்குள் குளோரின் வாய்கிழியக் கத்தியிருந்தாலும் அந்தக் கழித்தலில் ஊமையாகியிருக்கும்.

படக்காரர் தன் அறையில் டப்பாவை மூடிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, காலையில விரிப்பை எப்ப எடுத்தீங்க?"

"முதல் குண்டு வந்தப்போ. உன் கொழுந்தன்தான் சக்கரம் மாட்டுதுன்னான்." நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். "சத்தம் கேட்டிருக்குமேன்னு நெனச்சேன். நீ ஒண்ணும் சொல்லல, சரி தேவையில்ல போலன்னு விட்டுட்டேன்."

"கேட்டுச்சு."

அவர் டப்பாவைக் கீழே வைத்தார். "எக்ஸ்ரேயில மட்டம் இல்லையேம்மா."

"காலையில எவ்வளவு குளிர் அண்ணே?"

"பத்து டிகிரி இருக்கும்."

"பதினாலுக்குக் கீழே அந்தச் சனியன் நெய் மாதிரி உறைஞ்சிடும். உறைஞ்சது எங்க மட்டம் காட்டும்?"

படக்காரருக்கு இது தெரியாத விஷயம் இல்லை. குளிர் நாளில் குண்டைச் சூடான அறையில் வைத்துப் படம் எடுக்க வேண்டும் என்பது அவர் சொல்லிக்கொடுத்த பாடம்தான். அன்று ஹீட்டரைப் போட்டால் கடிகாரத்தின் கணக்கு இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப்போயிருக்கும். இரண்டு பேரும் அதே அவசரத்துக்குச் சோதனையில் ஆளுக்கு ஒரு பாதியை விட்டுக்கொடுத்திருந்தார்கள். அவர் நெற்றியைத் தேய்த்தார். "ரெண்டு பேரும் சேர்ந்து நல்லா வேலை பார்த்திருக்கோம்" என்றார்.

மணி ஒன்று பத்து. குழி நாலு கிலோமீட்டர். அங்கே போன் எடுக்காது. வெடிக்கம்பி இழுக்கிற இடத்தில் ரேடியோவோ போனோ இருந்தால் அது வெடியைக் கிளப்பிவிடக்கூடும் என்று எல்லாவற்றையும் வாசலிலேயே பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். ஆள் போனால்தான் உண்டு. அதுவும் சீக்கிரம் போக வேண்டும். குண்டுகளை அடுக்கி, மேலே வெடி வைத்து, மணலும் மூடிவிட்டால், திரும்ப எடுப்பது வெடிப்பதைவிட ஆபத்து. அப்புறம் எந்தச் சீட்டும் எதற்கும் உதவாது.

கடிகாரத்தின் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தாள்.

"சார், குழியை நிறுத்தணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எதுக்கு?"

"என் வெற்று அளவு தப்பு. பன்னிரண்டு சீட்டும் செல்லாது."

"ஒரு குண்டுல நச்சு இருக்குன்னு சொல்றீங்களா?"

"இருக்குன்னு சொல்லல. இல்லன்னு நான் சொன்னது தப்புன்னு சொல்றேன்."

"ரெண்டுக்கும் என்னம்மா வித்தியாசம்?"

"முதலாவதுக்கு நான் இன்னொரு தடவ அளக்கணும். ரெண்டாவதுக்கு இப்பவே கையெழுத்துப் போடுவேன்."

அவர் சுவரைப் பார்த்தார். சுவரில் கடிகாரம். குடியிருப்புக் கட்டுகிறவர்கள் வாரா வாரம் அவர் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தார்கள், அது கொட்டகைக்கே தெரியும். கெட்ட மனிதர் இல்லை. எல்லாக் காரியத்தையும் நேரத்தால் வகுத்துப் பார்த்தே பழகியவர்.

"எழுத்துல குடுங்க. அது இல்லாம வெடி நிறுத்த உத்தரவு போட எனக்கு வழியில்ல." கொஞ்சம் தயங்கினார். "எழுதினா அட்டை போயிடும். தெரியும்ல?"

"பேனா குடுங்க."

நின்றபடியே எழுதினாள். 'வெற்று அளவுக்குப் பின் மேடைக்கடியிலிருந்து பிளாஸ்டிக் விரிப்பு அகற்றப்பட்டதை அறிந்தும் மீண்டும் அளக்கவில்லை.' 'அறிந்தும்' என்ற சொல்லை எழுதும்போது ஒரு கணம் கை நின்றது. 'அறியாமல்' என்று எழுதியிருந்தால் ஆறு மாதத்தில் அட்டை திரும்பக் கிடைத்திருக்கும். பெயரைப் போட்டு நீட்டினாள். அவர் படித்தார், மடித்தார், சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நிறுத்த உத்தரவில் கையெழுத்துப் போட்டு, மேஜை இழுப்பறையிலிருந்து ஜீப் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். "லாரி அங்கதான் இருக்கு. நீங்களே ஓட்டிட்டுப் போங்க. நான் எஃகு அறைக்காரங்களைத் தயார் பண்றேன்."

மழை விட்டிருந்தது. ரோடு சேறு. வழியில் இரண்டு இடத்தில் ஜீப் பக்கவாட்டில் நழுவியது. இரண்டாவது முறை வாய்விட்டுத் திட்டினாள், ஜீப்பை அல்ல.

குழி வாசலில் கயிறு கட்டி, கொடி ஏற்றியிருந்தது. கொடி ஏற்றினால் உள்ளே வெடி கையில் இருக்கிறது என்று அர்த்தம். அவள் கயிற்றைத் தாண்டவில்லை. கயிற்றில் கட்டியிருந்த மணியை மூன்று முறை அடித்தாள். மூன்று என்றால் நிறுத்து.

கொழுந்தன் குழியிலிருந்து தலையை நீட்டினான். கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாக நடந்து வந்தான். குழிக்காரர்கள் ஓடுவதில்லை. அவளுக்கு அந்த அறுபது அடி நடையைப் பார்த்துக்கொண்டு நிற்பது உயிரை வாங்கியது.

"என்ன அண்ணி, ரிமோட்டை ஒளிச்சு வெச்சிட்டு சொல்ல வந்தீங்களா?"

"எத்தனை குண்டுக்கு வெடி வெச்சிருக்க?"

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. "அஞ்சுக்கு. ஏன்?"

"மணல்?"

"இன்னும் இல்ல."

"எடுத்துடு. பன்னிரண்டும் திரும்பக் கொட்டகைக்கு." உத்தரவுத் தாளை நீட்டினாள்.

அவன் தாளை வாங்கவில்லை. "இருபது நிமிஷத்துக்கு முன்னாடி நீங்கதான சிவப்பு ஒட்டினீங்க?"

"ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி. நான்தான்."

"இப்ப எது மஞ்சள்?"

"தெரியாது."

"ஒண்ணாவது இருக்கா?"

"அதுவும் தெரியாது. இல்லாமலும் இருக்கலாம்."

"நல்லா இருக்கே! இருக்கோ இல்லையோ தெரியாததுக்கு, வெச்ச வெடியை நான் கையால பிரிக்கணும். வெக்கிறது ஒரு வேலை, பிரிக்கிறது ஒன்பது வேலை. அது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தப்பு யாரோடது?"

"என்னோடது. காலையில நீ விரிப்பை எடுக்கச் சொன்ன. சத்தம் எனக்குக் கேட்டுச்சு. திரும்ப அளந்திருக்கணும். அளக்கல."

அவன் அவளை முறைத்துப் பார்த்தான். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. தாழ்த்தினால் அவன் இன்னும் இரண்டு கேள்வி கேட்பான், நேரம் போகும்.

"வீட்டுல உப்பு கொஞ்சம் கூடினாலே நாலு நாள் சொல்லிக் காட்டுவீங்க" என்றான் கடைசியில். தாளை வாங்கிப் படித்து மடித்துத் தொப்பிக்குள் வைத்தான். "ஜீப்பை அந்த மண்மேட்டுக்குப் பின்னாடி நிறுத்திட்டு அங்கயே இருங்க. நான் கூப்பிடற வரைக்கும் எட்டிப் பார்க்கக் கூடாது. அண்ணிங்கறதெல்லாம் கயித்துக்கு அந்தப் பக்கம்தான்."

மண்மேட்டுக்குப் பின்னால் முக்கால் மணி நேரம். ஓட்டுநர் தூக்கம் கலைந்து அவளுக்குப் பக்கத்தில் வந்து குந்தினார். "ஏம்மா, வெடிச்சிட்டா இவ்வளவு கஷ்டம் இல்லல்ல?" என்று கேட்டார். அவள் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் அவன் தன் ஆட்களிடம் ஒவ்வொரு சொல்லாகப் பேசுவது மட்டும் கேட்டது. "மெதுவா. ம். விடு. அடுத்தது." ஐந்து முறை "அடுத்தது" வந்தபின்தான் அவள் மூச்சு இறங்கியது.

மூன்று மணிக்குக் குழி வெடிக்கவில்லை. லாரி கொட்டகைக்குத் திரும்பியிருந்தது.

இந்த முறை அவள் மேடையைச் சுற்றி ஒரு தரம் நடந்தாள். விரிப்பை வெளி வராந்தாவுக்கு அனுப்பினாள். தள்ளுவண்டி, வாளி, நாற்காலி, படக்காரரின் குடை எல்லாம் வெளியே. கூரை ஒழுகலுக்கு அடியில் ஒன்றும் வைக்கவில்லை. மழைதான் இல்லையே. நாற்பது நிமிடம் வெற்று அளவு.

முதல் குண்டு. குளோரின் ஐந்து. பழைய முணுமுணுப்பு. அந்த ஐந்தைப் பார்த்தபோது, வீட்டுக்கு வரவே மாட்டான் என்று நினைத்த ஆள் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது போல் இருந்தது. இரண்டாவது. நாலு.

மூன்றாவதை வைத்து மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. திரையில் குளோரின் கோடு எழும்பத் தொடங்கியது. இருபது நிமிடமும் ஓடட்டும் என்று விட்டாள். நூற்று எண்பது. குளோரின் அவ்வளவு கத்தினால்தான் நச்சுத் திரவத்தின் இன்னொரு பொருளான கந்தகமும் அதன் பக்கத்தில் இருக்கிறதா என்று தேடுவார்கள், கந்தகத்தின் குரல் மெல்லியது. தேடினாள். இருந்தது.

காலையில் இதே குண்டுக்கு அவள் கையால் ஒட்டிய சிவப்புச் சீட்டு வயிற்றுப் பக்கம் ஒட்டிக்கொண்டு கிடந்தது. நகத்தால் சுரண்டி எடுத்து மஞ்சளை ஒட்டினாள்.

கொழுந்தன் அந்தச் சீட்டைப் பார்த்தான். குண்டைப் பார்த்தான். "இதுக்கு வெடி வெச்சிருந்தேன்" என்றான். "அஞ்சுல இது ரெண்டாவது." எஃகு அறை ஆட்கள் முகமூடியோடு வந்து, கைக்குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கடிகாரம் அவளைச் சுவர் ஓரம் அழைத்தார். முகத்தில் காலையில் இல்லாத ஒரு தெளிவு. சட்டைப் பையிலிருந்து அவள் எழுதிய தாளை எடுத்தார், பிரிக்காமல் விரலுக்கிடையில் வைத்துக்கொண்டார்.

"பிடிச்சிட்டீங்க. பெரிய விஷயம். நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. ரெண்டு வருஷத்துல ஒரே இடத்துல தோண்டி எடுத்த குவியல்ல ஒண்ணுக்கு மேல மஞ்சள் வந்ததே இல்ல. வந்துடுச்சு. இத்தோட நிறுத்திக்குவோம். சந்தேகத்துல ஒண்ணை மறுபடி அளந்தீங்க, பிடிச்சீங்கன்னு நான் எழுதறேன். மிச்சம் ஒன்பதும் நாளைக்குக் குழிக்கு. இந்தத் தாள் என் பையைவிட்டு வெளிய வர வேணாம். அட்டை உங்ககிட்டயே இருக்கும்."

"பன்னிரண்டையும் திரும்ப அளந்தா?"

"பன்னிரண்டு சீட்டு ரத்துன்னு பதிவாகும். மேலிடம் ஏன்னு கேட்கும். நான் இந்தத் தாளைத்தான் காட்டணும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "என்னையும் கேட்பாங்க, என்ன அவசரம்னு. மறைக்கல. எனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. இரண்டு வருடக் கணக்கு அப்படித்தான். அவள் யோசித்தாள். யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். ஏழு வருடத் தட்டச்சு. அந்த மேஜை, அந்த நாற்காலி, வேறொருவரின் எண்களை வரிசையாக அடித்துக்கொண்டே போவது. மனதில் அந்த அறையின் வாசனைகூட வந்தது.

"ரெண்டு வருஷத்துல நான் வெற்று அளவைக் கெடுத்ததும் இல்ல சார்" என்றாள். "இன்னைக்குக் கெடுத்தேன். வராததெல்லாம் வர்ற நாள் இது."

"மிச்சம் ஒன்பதுலயும் இருக்கும்னு நினைக்கிறீங்களா?"

"நினைக்கல. ஒன்பதுலயும் என் சீட்டு ஒட்டியிருக்கு. அது பொய்ச் சீட்டு. நாளைக்கு அதை நம்பி ஒருத்தன் கம்பியை இழுப்பான்."

அந்த ஒருத்தன் இரண்டடி தள்ளித் தள்ளுவண்டியின் கைப்பிடியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். எல்லாம் கேட்டிருக்கும். அவன் தலையிடுவான் என்று கடிகாரம் எதிர்பார்த்தது போல அந்தப் பக்கம் பார்த்தார். அவன் மேலே கூரை ஒழுகிய இடத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அண்ணி, நாலாவதைத் தூக்கிட்டு வரவா?"

"வா."

படக்காரர் இடையில் புகுந்தார். "சார், தாள்ல என் பேரையும் சேர்த்துக்கங்க. ஹீட்டர் போடாம படம் எடுத்தேன். ரெண்டு வருஷத்துல போறவன், இப்பவே அனுப்பினா பேரனுக்குத்தான் லாபம்."

"உங்களை யாருய்யா கேட்டாங்க?"

"கேக்காததுக்கும் பதில் சொல்ற வயசாயிடுச்சு சார்."

மணிக்கட்டைப் பார்க்கப் போன கடிகாரத்தின் கை பாதியில் நின்றது. பிறகு தாளைப் பிரித்து, இருந்த மடிப்புகளை உள்ளங்கையால் நீவி, பதிவேட்டுக்குள் வைத்து மூடினார். அது போதும் என்று அவளுக்குப் பட்டது.

கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றினாள். நாடா காதில் மாட்டியது, விடுவித்தாள். அவரிடம் நீட்டினாள்.

"இன்னும் ஒன்பது அளக்கணுமே. முடிச்சிட்டுக் குடுங்க" என்றார்.

"வேணாம் சார். இப்பவே வாங்கிக்கங்க. கடைசி குண்டுல வந்து நிக்கிறப்போ எனக்கு வேற புத்தி வந்துடக் கூடாது. அளக்கறதுக்கு அட்டை தேவையில்ல, கைதான் தேவை. அனுமதி நீங்க எழுதிக் குடுங்க, இன்னைக்கு மட்டும்."

அவர் வாங்கிக்கொண்டார். பதிவேட்டின் ஓரத்திலேயே அனுமதி எழுதினார். அவர் கையெழுத்து எப்போதும் இருப்பதைவிடக் கொஞ்சம் மெதுவாகப் போனது.

நாலாவது குண்டு மேடையில் ஏறியது. கொழுந்தன் குண்டைக் கட்டியிருந்த சங்கிலியைக் கழற்றி, தள்ளுவண்டியை வராந்தா வரைக்கும் பின்னுக்கு இழுத்துக்கொண்டு போனான். படக்காரர் தரையைப் பார்த்தார், மேடைக்கு அடியில் பார்த்தார், தன் சட்டைப் பையில் இருந்த பிளாஸ்டிக் சீப்பைக்கூட எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வெளியேறினார்.

"இனி நான் கூப்பிடாம யாரும் உள்ள வரக் கூடாது" என்றாள் அவள். "ஒவ்வொரு குண்டுக்கும் வெளியிலிருந்து பூட்டிடுங்க சார். உள்ள திருகினாலும் திறக்கற பூட்டுதான், அவசரம்னா நானே திறந்துக்குவேன். ஆனா யாரும் எதையும் எடுக்கவோ வைக்கவோ கூடாது."

"எல்லாம் முடிய எட்டு மணி ஆகுமேம்மா."

"ஆகட்டும்."

உள்ளே போனாள். திரைக்கு முன்னால் உட்கார்ந்து, மதியம் அறிக்கையில் எழுதிய எட்டுப் பூஜ்யத்தையும் ஒரே கோட்டால் அடித்தாள். அடித்தது தெரியும்படி, கீழே இருப்பதும் படிக்கும்படி. பிறகு பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கடிகாரம் கதவைச் சாத்தினார். சாவி இரண்டு சுற்று சுற்றியது.